பதிப்பு நான்கில் பெரிய அத்தான்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சலவைக்கடை வைத்திருக்கும் அம்மாளைத் தெருவே மேயரம்மா என்றுதான் கூப்பிடும். அவர் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. ஓட்டுப் போடப் போவதுகூட, கடையை ஒரு மணி நேரம் பூட்ட வேண்டியிருக்கிறதே என்ற முனகலோடுதான். ஆனாலும் அவர் மேயர். பதினாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் ஓர் ஊருக்கு ஒன்பது வருடமாக அவர்தான் எல்லாம். அந்த ஊர், தேய்க்கும் மேசையின் ஓரத்தில், பஞ்சுத்தூசி படிந்த ஒரு பழைய லேப்டாப்புக்குள் இருந்தது.

ஊர் கட்டுகிற விளையாட்டு அது. வெறும் தரையில் சாலை போட்டு, குழாய் பதித்து, பள்ளிக்கூடம் கட்டி வைத்தால் ஆட்கள் குடிவருவார்கள். வசதி சரியில்லை என்றால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விடுவார்கள். ஒவ்வொருவருக்கும் நமக்குப் பிடித்த பெயரை வைக்கலாம். அன்றைய ஆட்டத்தைச் சேமித்து வைத்தால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேயரம்மா தினமும் மத்தியானம், கூட்டம் குறைந்த பிறகு, இரண்டு சுற்றுத் துணி ஓடி முடிகிற நேரம் மட்டும் ஆடுவார். மூன்றாம் நம்பர் எந்திரம் கடைசிச் சுழற்சியில் லாரி மேடேறுவது போல உறுமும். அது கேட்டதும் சேமித்துவிட்டு எழுந்துவிடுவார். துணிக்கும் நகராட்சிக்கும் அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

இந்தப் பழக்கம் தொற்றியதற்குக் காரணம் அவருடைய அக்காவின் கணவர். பெரிய அத்தான். கழிவுநீர் இணைப்புக்கு அனுமதி வழங்கும் அலுவலகத்தில் அதிகாரி. மேயரம்மா கடை திறந்த வருடம், ஆறு எந்திரமும் வந்து இறங்கிவிட்டன. விண்ணப்பம் பெரிய அத்தானின் மேசைக்குப் போனது. நம் வீட்டு மனுஷன்தானே, இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். முதல் தடவை, கையெழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று திரும்பி வந்தது. இரண்டாம் தடவை, வரைபடத்தில் வடக்குத் திசை குறிக்கவில்லை. மூன்றாம் தடவை, குறித்திருந்தது, ஆனால் பென்சிலில். நான்கு மாதம் எந்திரங்கள் உறை பிரிக்காமல் நின்றன. மேயரம்மா அவற்றின் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்போது சிறுமியாக இருந்த மகளின் லேப்டாப்பில் இந்த விளையாட்டு இருந்தது. பொழுது போகாமல் திறந்தார். முதலில் ஒரு சாக்கடை கட்டினார். அதைச் சுத்தம் செய்ய ஓர் ஊழியர் வந்தார். அந்த ஊழியருக்கு 'பெரிய அத்தான்' என்று பெயர் வைத்தார். பிறகு, அவர் வெளியே வந்துவிடாதபடி நாலு பக்கமும் சுவர் எழுப்பினார்.

இந்த விவரம் ஒன்பது வருடம் யாருக்கும் தெரியாது.

வெளியே அத்தானைப் பார்க்கும்போது மரியாதைக்கு ஒரு குறைவும் இருக்காது. "வாங்க அத்தான், உக்காருங்க அத்தான், சட்டையைக் குடுங்க, அரை மணி நேரத்துல தேச்சுத் தரேன்." அவரும் பெருமையாக உட்கார்ந்து, தான் எவ்வளவு நேர்மையானவர் என்பதைச் சொல்லிவிட்டுப் போவார்.

விளையாட்டைத் தயாரித்தவர்கள் அவ்வப்போது அதில் குறைகளைச் சரிசெய்து புதிய பதிப்பு விடுவார்கள். மேயரம்மாவுக்கு அது அறவே ஆகாது. ஆரம்பத்தில், முதல் பதிப்புக்கே வந்த ஒரு சின்னத் திருத்தத்தை அப்டேட் செய்ததில் ஊரின் மூன்று குளங்களும் வெறும் குழிகளாகிவிட்டன. ஒரே வாரத்தில் ஐந்நூறு பேர் ஊரைக் காலி செய்தார்கள்.

"நல்லா ஓடிட்டிருக்கிற மெஷினை வந்து பிரிச்சுப் போட்டுட்டு, சரி பண்ணிட்டேங்கிறான். இதுக்குப் பேரு அப்டேட்டாம்" என்றார் என்னிடம். அன்றே லேப்டாப்பின் இணையப் பொத்தானின் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை ஒட்டிவிட்டார். விளையாட்டு இரண்டாம் பதிப்பைப் பார்த்தது, மூன்றாம் பதிப்பைப் பார்த்தது. மேயரம்மாவின் ஊர் மட்டும் முதல் பதிப்பிலேயே நிம்மதியாக இருந்தது.

நான் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். அதனால்தான் பின்னால் நடந்தவற்றில் எனக்கும் கொஞ்சம் பங்கு வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மேயரம்மா ஒரு மருத்துவமனைக்குத் திரைச்சீலைகள் கொடுக்கப் போயிருந்தார். இப்போது கல்லூரியில் படிக்கும் மகள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்குள் ஒரு கட்டுரையைக் கல்லூரிக்கு அனுப்பியாக வேண்டும். அவளுடைய கணினி முந்தின நாள்தான் ஒரு குவளைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருந்தது. மணி இரண்டு ஐம்பது. அம்மாவின் லேப்டாப் மேசையில் இருந்தது. பிளாஸ்டரை உரித்தாள். இணைப்பைப் போட்டாள். கட்டுரையை அனுப்பினாள். "அப்பாடா" என்று எழுந்து, வந்த வாடிக்கையாளருக்குப் போர்வை எடுத்துக் கொடுக்கப் போனாள். இணைப்பை நிறுத்தவேண்டும் என்பது மறந்தே போனது. அந்த இருபது நிமிடத்தில் விளையாட்டு ஒன்பது வருடப் பசியையும் தீர்த்துக்கொண்டது. முதல் பதிப்பு நேராக நான்காம் பதிப்பானது.

மேயரம்மா திரும்பி வந்து, கை கழுவி, வழக்கம்போல விளையாட்டைத் திறந்தார். முகப்புப் படம் வேறாக இருந்தது. இசை வேறாக இருந்தது. தன் ஊரைத் தேடி அழுத்தினார். திரையில் ஓர் அறிவிப்பு: 'இந்தச் சேமிப்பு மிகப் பழைய பதிப்பில் உருவானது. திறக்க இயலவில்லை. புதிய ஊர் தொடங்கலாமா?' கீழே இரண்டு பொத்தான்கள். 'ஆம்.' 'மகிழ்ச்சியுடன்.'

"ஊரைக் காணோம்" என்றார் மேயரம்மா.

அவருடைய கணவர் பஸ் ஓட்டுநர். வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்தார். "எந்த ஊரை? காலையில ரெண்டு தடவை போயிட்டு வந்தேனே, எல்லாம் அங்கங்கதான இருந்துச்சு?"

"உங்க ஊர் இல்லீங்க. என் ஊர்."

மகள் உரித்த பிளாஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். விஷயம் விளங்கிவிட்டது. மேயரம்மா அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"சரி விடு, புதுசா ஒண்ணு கட்டிக்கயேன்" என்றார் கணவர், ஆறுதல் சொல்வதாக நினைத்து.

"பதினாலாயிரம் பேருங்க! உங்களையும் சேர்த்து!"

"நானுமா? நான் அங்க என்ன பண்றேன்?"

"பஸ் ஓட்டுறீங்க."

"அங்கயுமா?" என்று உட்கார்ந்துவிட்டார் மனிதர்.

மகள் பிராயச்சித்தமாக ஓடியாடி வேலை செய்தாள். முதல் காரியமாக அந்தச் சேமிப்புக் கோப்பைப் பிரதி எடுத்து ஒரு பென் டிரைவில் பத்திரப்படுத்தினாள். பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்று தேடினாள். மூன்றாம் பதிப்பு வரைதான் கிடைத்தது. அதில் ஊர் ஒரு நொடி தெரிந்தது. எல்லா வீடுகளும் ஆற்றுக்குள் நின்றன. உடனே திரை இருண்டது. மேயரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

தயாரித்தவர்களுக்கே எழுதுவது என்று முடிவாயிற்று. அம்மா தேய்த்துக்கொண்டே சொல்ல, மகள் எழுதினாள். அம்மா சொன்னது: "நல்லா இருந்த ஊரை நாசமாக்கிட்டீங்களே, உங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" மகள் எழுதியது: 'தங்கள் புதிய பதிப்பினால் எனக்குச் சிறு சிரமம் ஏற்பட்டுள்ளது. தங்கள் குடும்பத்தார் நலமா?' பிழை திருத்த என்னிடம் கொண்டுவந்தார்கள். இரண்டு ஒற்றெழுத்துகளைச் சேர்த்தேன், ஒரு சாபத்தை நீக்கினேன்.

மூன்றாம் நாளே பதில் வந்தது. அந்த நிறுவனத்தில் மொத்தமே மூன்று பேர்தானாம். எழுதியவர் நிரல் எழுதும் பெண். 'முதல் பதிப்பின் சேமிப்பு ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறதா! நாங்களே பார்த்ததில்லை. தயவுசெய்து கோப்பை அனுப்புங்கள். அதை நான்காம் பதிப்பில் திறக்க வைப்பது என் பொறுப்பு.'

மகள் துள்ளினாள். மேயரம்மாவின் கையில் இருந்த இஸ்திரிப்பெட்டி அப்படியே நின்றது.

"அவங்க உள்ள போய்ப் பாப்பாங்களா?"

"பாத்தாத்தானம்மா சரி பண்ண முடியும்."

"ஆளுங்க பேரெல்லாம் தெரியுமா?"

"தெரிஞ்சா என்ன?"

"ஒண்ணுமில்ல. அனுப்பு."

கோப்பு போயிற்று. அதன் பிறகு பதினொரு நாள் மேயரம்மா, உறவினர் யாரையோ ஆபரேஷன் அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே காத்திருப்பவர் போல நடமாடினார். என் பேண்டில் ஒரு காலுக்கு இரண்டு மடிப்பு விழுந்தது. பல் மருத்துவரின் வெள்ளை அங்கி இளஞ்சிவப்பாகப் போய்ச் சேர்ந்தது.

பன்னிரண்டாம் நாள் ஒரு மடல் வந்தது. மகள் சத்தமாகப் படித்தாள்.

'உங்கள் ஊர் திறக்காததற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டோம். நான்காம் பதிப்பில் ஊழியர்கள் எல்லோரும் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போவார்கள். பழைய கோப்பைப் புதிதாக மாற்றும்போது ஒவ்வொருவரின் வீட்டு முகவரியையும் நிரல் தேடும். உங்கள் ஊரில் பெரிய அத்தான் என்றொரு துப்புரவு ஊழியர் இருக்கிறார். அவருக்கு வீடே இல்லை. ஒன்பது வருடமாகச் சாக்கடையை விட்டு வெளியே வரவில்லை. நாலு பக்கமும் சுவர் இருக்கிறது. நிரல் அவருடைய வீட்டைத் தேடித் தேடி அங்கேயே நின்றுவிடுகிறது. இது எங்கள் பிழையா, உங்கள் ஏற்பாடா?'

கணவர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். நானும் பார்த்தேன், சட்டை வாங்க வந்திருந்தேன்.

"ஏற்பாடுன்னு எழுது" என்றார் மேயரம்மா.

கணவர் சிரிக்க ஆரம்பித்தார். துணிக்கூடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "ஒன்பது வருஷமா! அந்த மனுஷன் இங்க வந்து உக்காந்து நேர்மையைப் பத்திப் பேசிட்டுப் போறப்பல்லாம், அவரு உள்ள..."

"சிரிக்காதீங்க. மூணு தடவை ஃபார்மைத் திருப்பி அனுப்புனாரு. பென்சிலுன்னாரு."

மடலில் இன்னும் இருந்தது. நிரல் எழுதும் பெண் இரண்டு வழி சொல்லியிருந்தாள். பெரிய அத்தானுக்கு ஒரு வீடு கொடுக்கலாம். அல்லது அவரை ஊரிலிருந்து அடியோடு நீக்கிவிடலாம். எது விருப்பம்?

"நீக்குறதுன்னா?" என்றார் மேயரம்மா.

"இல்லாமலே பண்ணிடறதும்மா. அப்படி ஒருத்தர் இருந்ததே கிடையாதுங்கிற மாதிரி."

மேயரம்மா பதறிப்போனார். "ஐயையோ, அப்ப அக்கா என்ன ஆவா? அதெல்லாம் வேண்டாம். இருக்கட்டும்."

"அப்ப வீடு குடுக்கணும்."

அதற்கு இரண்டு நாள் ஆயிற்று. பதினாலாயிரம் பேர் ஒரு பக்கம், பெரிய அத்தான் ஒரு பக்கம். தேய்த்தார், மடித்தார், யாருடனும் பேசாமல் யோசித்தார். வியாழக்கிழமை மத்தியானம் மகளைக் கூப்பிட்டார். "எழுது. வீடு குடுங்க. கிழக்கால கடைசித் தெரு, கடைசி வீடு. அங்க தண்ணி கொஞ்சம் நிதானமாத்தான் வரும்."

அடுத்த வாரமே சின்னத் திருத்தப் பதிப்பு வந்தது. பிளாஸ்டர் இல்லாத லேப்டாப்பில் மேயரம்மாவே பொத்தானை அழுத்தி இறக்கினார். ஊர் திறந்தது. குளங்களில் தண்ணீர் இருந்தது. பள்ளிக்கூடம் இருந்தது. பஸ் வட்டச்சாலையில் போய்க்கொண்டிருந்தது. மக்கள்தொகையைப் பார்த்தார். ஒருவர்கூடக் குறையவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீராவி" என்றார். இஸ்திரிப்பெட்டி அணைந்திருந்தது.

அன்றுதான் நானும் அந்த ஊரில் இருப்பது தெரிந்தது. என் படத்தின் மேல் அம்புக்குறியை வைத்தாள் மகள். 'மூன்றாம் மாடிக்காரர். வேலை: இல்லை.'

"நீங்க எப்பப் பாத்தாலும் வீட்டுலதான இருக்கீங்க, அதான்..." என்றார் மேயரம்மா சங்கடமாக. மெய்ப்புப் பார்ப்பது வேலைதான் என்று விளக்கினேன். அந்த விளையாட்டில் அப்படி ஒரு வேலை கிடையாதாம். நூலகக் காவலாளியாக்கினார்.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு பதிப்போடும் என்னென்ன திருத்தப்பட்டது என்று தயாரிப்பாளர்கள் ஒரு பட்டியல் வெளியிடுவார்கள். அந்தப் பெண்ணுக்குக் குறும்பு அதிகம் போல. பட்டியலின் ஏழாவது வரி இது: 'ஓர் ஊழியர் சாக்கடையிலேயே குடியிருந்தால் பழைய ஊர்கள் திறக்காமல் போகும் குறை நீக்கப்பட்டது. பெரிய அத்தானுக்கு இனி வீடு உண்டு.' விளையாடுகிறவர்களுக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. பெரிய அத்தான் நலமா, வீடு வசதியா என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அப்படிச் சிரித்தவர்களில் ஒருவர், பெரிய அத்தானின் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் வேலை பார்ப்பவர். மத்தியான இடைவேளையில் அதை அவரிடமே காட்டினார். "பாருங்க சார், சாக்கடையில ஒரு அத்தானாம்!"

பெரிய அத்தான் சிரிக்கவில்லை. பழைய ஊரைக் கொடுத்து உதவிய ஒரு சலவைக்கடை அம்மாவுக்கு நன்றி என்று அடியில் எழுதியிருந்ததைப் படித்தார். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

கடைக்குள் வரும்போது பட்டியலை அச்செடுத்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"வாங்க அத்தான்" என்றார் மேயரம்மா.

"இது நானா?"

"உலகத்துல பெரிய அத்தான் ஒருத்தர்தானா?"

"சலவைக்கடை வெச்சிருக்கிற மச்சினிச்சி உள்ள பெரிய அத்தான் எத்தனை பேரு இருப்பாங்க? காட்டு. நான் பாக்கணும்."

மறைக்க வழியில்லை. மேயரம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். பெரிய அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சாக்கடையைப் பார்த்தார். சுவர்களைப் பார்த்தார். மேயரம்மா தலையைக் குனிந்துகொண்டு ஒரு தலையணை உறையைத் திரும்பத் திரும்ப மடித்தார்.

"இதென்ன சரிவு?" என்றார் பெரிய அத்தான்.

"என்ன அத்தான்?"

"சரிவும்மா. தண்ணி மேடேறிப் போற மாதிரி கட்டி வெச்சிருக்க. இந்தக் குழாய் அகலத்துக்கு இருநூறு வீடு தாங்காது. இதுல ஒன்பது வருஷமா ஒரு மனுஷன் சுத்தம் பண்ணிக்கிட்டே இருந்தா எப்படி முடியும்? முடியவே முடியாது. எவன் இதுக்கு அனுமதி குடுத்தது?"

"நான்தான்."

"மேப்புல வடக்கு எது?"

மேயரம்மா தலையணை உறையைக் கீழே வைத்தார். ஒன்பது வருடமாக உள்ளே இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "அன்னிக்கும் இதையேதான் கேட்டீங்க. நாலு மாசம் அத்தான். ஆறு மெஷினுக்கு நடுவுல நான் ஒருத்தி. போறவங்க வர்றவங்க எல்லாம் எப்பம்மா திறப்பீங்கன்னு கேட்டாங்க. ஒரு தடவையாவது நீங்க வந்து எட்டிப் பாத்தீங்களா?"

பெரிய அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். "புதுசா ஒரு மேலதிகாரி வந்திருந்தாரு. சொந்தக்காரங்க ஃபைல்னாலே தனியா எடுத்து வெச்சு, பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பாரு. உன் ஃபார்முல ஒரு புள்ளி தப்பிருந்தாலும் உன் கடையையே மூடியிருப்பாரு. அதான் திருப்பித் திருப்பி அனுப்புனேன்."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத் தெரியல. உங்க அக்கா நாலு மாசம் எங்கூடப் பேசல. சோறு போட்டுட்டு அடுத்த ரூமுக்குப் போயிடுவா. எந்தப் பக்கமும் வாயைத் திறக்க முடியல."

மேயரம்மாவுக்கு இது புதுச் செய்தி. அக்கா அந்த நாலு மாதமும் தினம் வந்து, கடையில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"டீ குடிக்கிறீங்களா அத்தான்?" என்றார் கடைசியில்.

"குடிக்கலாம். அந்தச் சுவரை முதல்ல எடு. காத்து வரட்டும்."

அன்று மூன்றாம் நம்பர் எந்திரம் உறுமி ஓய்ந்து அரை மணி நேரமாகியும் யாரும் அதைத் திறக்கவில்லை. பெரிய அத்தான் ஒரு காகிதத்தில் சரிவுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஊர் முழுவதற்கும் குழாயை மாற்ற வேண்டும் என்றார். முடியாது, கடைத்தெருவைத் தோண்ட விடமாட்டேன் என்றார் மேயரம்மா. தெற்கே இருக்கும் குன்றிலிருந்து மழைநீர் எப்படி இறங்குகிறது என்று பார்க்கப் போனபோது, உச்சியில் தோட்டத்தோடு ஒரு பெரிய வீடு தெரிந்தது.

"இது யாரு வீடு?"

மேயரம்மா தொண்டையைச் செருமினார். "அக்கா வீடு."

"அவ மட்டும் குன்று மேலயா? தனியாவா?"

"நாய் ஒண்ணு இருக்கு."

இப்போது பெரிய அத்தான் சனிக்கிழமைதோறும் மத்தியானம் வருகிறார். ஊரின் வடகிழக்குப் பகுதி அவர் சொன்னபடி மாறிவிட்டது. புதிய பதிப்பு வெளியாகும் முன்பு நிறுவனத்தார் மேயரம்மாவின் ஊரைத்தான் முதலில் திறந்து பார்க்கிறார்கள். அது திறந்தால் எதுவும் திறக்கும் என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். ஐந்தாம் பதிப்பில் கணவன் மனைவியை ஒரே வீட்டில் குடிவைக்கும் வசதி வரப்போகிறதாம். உங்கள் ஊரில் யாரையாவது சேர்த்துவைக்க வேண்டுமா என்று கேட்டிருந்தாள்.

போன வாரம் அக்காவும் கடைக்கு வந்திருந்தாள். மேயரம்மா அந்த மடலை அவளிடம் காட்டினார். பெரிய அத்தான் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி ஆவலாகப் பார்த்தார். அக்கா திரையில் தன் தோட்டத்தையும் நாயையும் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தாள்.

"அவரு கீழயே இருக்கட்டும்" என்றாள். "ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போகலாம்."